ஐந்து நாள் முழுப் பேர்

பன்னிரண்டாம் நம்பர் மலையில் பதினெட்டு வருஷம் எனக்கு அடுத்த தேயிலை நிறையில் நின்று கொழுந்து பறித்த என் தங்கம் மதினிக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் அட்டைக்கடி இருக்காது என்று நம்பி எழுதுகிறேன். இங்கே பொகவந்தலாவைப் பக்கம் மழை இன்னும் விடவில்லை. அண்ணன் சுகமாக இருக்கிறார். சம்பலில் உப்பு இல்லை என்று உங்களோடு பிடித்த சண்டையை இப்போது மகளோடு பிடிக்கிறார். உங்கள் மேகலா பஜாரில் போட்டோக்கொப்பி எடுக்கிற முஸ்லிம் நானா கடையில் வேலைக்கு நிற்கிறாள். நான் எழுதுவதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாளாம். டவுன்காரர்களுக்கும் விளங்குகிற மாதிரி எழுதுங்கள் அத்தை என்று சட்டம் வேறு போடுகிறாள்.

நான் சுகமா என்று கேட்காதீர்கள். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷமும் ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் ஒப்பரேசனுக்குக் காப்புறுதிக்காரர் கை விரித்தாரே, அதற்கு உள்ளே இருந்து வேலை பார்த்தது யார் என்று. போன கிழமை அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லவும் பயமாக இருக்கிறது மதினி.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் காலையிலேயே மேசை போட்டிருந்தார்கள். காப்புறுதிக்காரர் திரும்பி வந்திருந்தார். உங்கள் காலத்தில் வந்த ஆள் இல்லை, இவர் சின்ன வயசு, நல்ல சிரிப்பு. ஆளுக்கு ஒரு பிஸ்கட் பக்கெட் கொடுத்தார். காசு வாங்காமல் எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள் நான் என்று உங்களுக்குத் தெரியும். பக்கெட்டின் பின்னால் காலாவதித் திகதி பார்த்தேன், அது சரியாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் கூடச் சந்தேகம் வந்தது.

காப்புறுதியைத் தொடரக் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று பக்கத் தாள். இரண்டு பாஷையில் நிறைய எழுதியிருந்தது, சிங்களத்திலும் இங்கிலீஷிலும். தமிழில் ஒரே ஒரு வரி. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பது மட்டும் நமக்கு விளங்கினால் போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். "ஒக்கொம ஹொந்தாய் அம்மே" என்றார். எல்லாம் நல்லதுதானாம். நல்லது என்று எழுத மூன்று பக்கம் எதற்கு?

நம் செட்டுப் பெண்கள் பதினோரு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நீங்கள் போன பிறகு நான்தான் மூத்தவள். நான் போட்டால் போடுவார்கள், போடாவிட்டால் ஒருத்தியும் போட மாட்டாள். உங்களுக்குக் காப்புறுதிக் காசு கிடைக்காத நாளிலிருந்து "அந்தத் தாளைத் தொடாதீங்க, சம்பளத்துல மாசாமாசம் கழிக்க மட்டுந்தான் அது" என்று லயம் லயமாக வீடு ஏறிச் சொல்லி வைத்தவளும் நான்தானே. நான் பேனாவை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை திரும்ப வருகிறேன், செட்டில் எல்லோரும் சேர்ந்தால்தான் திட்டம் தொடரும், இல்லாவிட்டால் இந்த மாசத்தோடு முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே முடியட்டும் என்று விட்டிருப்பேன். பாக்கியம் இருக்கிறாளே மதினி, அவள்தான் என்னை விடவில்லை.

தலவாக்கலைப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள், பாடிக்கொண்டே பறிப்பாளே, அவள்தான். இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. கால் இரண்டும் வீங்கி, மலை ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறாள். நெஞ்சில் வால்வு பழுது என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்குச் சொன்ன அதே வால்வு. பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்வார்கள், ஆனால் நாள் கிடைக்க வேண்டும். உங்களுக்கும் நாள் கொடுத்தார்களே. அந்த நாள் வந்தபோது உங்களுக்கு முப்பதாம் நாள் காரியம் முடிந்திருந்தது. காப்புறுதி கிடைத்தால் பாக்கியம் தனியார் ஆஸ்பத்திரியில் சீக்கிரம் செய்து கொள்ளலாம். இரண்டு பிள்ளைகள், சின்னவள் இன்னும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் தொட்டிலில் கிடக்கிறாள்.

நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவளுக்கு வழி இல்லை. போட்டால் மட்டும் வழி இருக்கிறதா? உங்களுக்கு இருந்ததா?

உங்களுக்கு மறுத்த அன்று நான் யார் யாரைச் சந்தேகப்பட்டேன் என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். தோட்ட ஆபீஸ் கிளாக்கர் தலை நிமிராமல் "கெடைக்காதுன்னு வந்துருச்சு" என்றார். நிமிராதவர் கண்ணில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று அவரைச் சந்தேகப்பட்டேன். ஆஸ்பத்திரியில் துண்டு எழுதிய நர்ஸ் மிஸ்ஸைச் சந்தேகப்பட்டேன். எல்லாருக்கும் மேலே நம் கணக்கப்பிள்ளை ஐயாவை. அவருக்குத்தான் நம் செட்டு விஷயமெல்லாம் தெரியும், அவர்தான் போட்டுக் கொடுத்திருப்பார் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "என்ன சரோஜா, கோவமா?" என்று கேட்பார். நான் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

செவ்வாய்க்கிழமை மேகலா உங்கள் பழைய காப்புறுதி நம்பரைத் தேடினாள். பாக்கியத்துக்கு எப்படி எழுதுவது என்று பார்க்க வேண்டுமாம். டிரங்குப் பெட்டியில் இல்லை. கடைசியில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ஒரு கடிதம் விழுந்தது. இங்கிலீஷ் கடிதம். உங்கள் பேருக்கு வந்தது, நீங்கள் உயிரோடு இருக்கும்போதே வந்தது. அண்ணன் உறையைப் பிரித்துப் பார்த்து, ஒரு சொல்லும் விளங்காமல், சாமிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

அவர்மேல் கோபப்படாதீர்கள். எங்கள் வீட்டில் தாள் என்றால் அப்படித்தான். எங்கள் தாத்தா அரிசிக் கூப்பனுக்கு என்று நினைத்து ஒரு தாளில் பெருவிரல் வைத்தார். அது இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்று எழுதிய தாள். எங்கள் பெரியத்தையும் சித்தப்பாவும் அந்தத் தாளோடு கப்பலேறிப் போனவர்கள், பிறகு முகம் பார்க்கவில்லை. அதனால் கிளாக்கர் வாயால் கிடைக்காது என்று சொன்னதே போதும் என்று நாங்கள் கடிதத்தைக் கேட்கவும் இல்லை, கொண்டு போய் வாசிக்கவும் இல்லை.

புதன்கிழமை வேலை முடிந்து நானும் மேகலாவும் நானா கடையில் நின்றோம். நானா கண்ணாடி போட்டு மெதுவாக வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

"இது மறுப்புக் கடிதமே இல்ல புள்ள," என்றார் மேகலாவிடம். "கேள்வி கேட்டிருக்காங்க. ஒரு மாசத்துக்குள்ள பதில் குடுக்கச் சொல்லியும் இருக்காங்க."

என்ன கேள்வி என்று கேட்டேன். நீங்கள் வார்டில் இருந்ததாக ஆஸ்பத்திரித் துண்டில் ஐந்து நாள் எழுதியிருக்கிறதாம். அதே ஐந்து நாளும் நீங்கள் மலையில் முழு நாள் வேலை செய்ததாகத் தோட்டத்து செக்ரோல் புத்தகத்தில் பதிந்திருக்கிறதாம். இரண்டில் எது உண்மை, அதற்கு அத்தாட்சி அனுப்புங்கள், அனுப்பாவிட்டால் இந்தக் கோரிக்கை பொய் என்று தள்ளப்படும். அதுதான் அந்தக் கடிதம்.

இன்னொரு தரம் வாசியுங்கள் நானா என்றேன். சிரித்துக்கொண்டே வாசித்தார், அதேதான் வந்தது. எனக்கு அப்போதும் ஆறவில்லை. மேகலாவின் போனில் படம் பிடித்தால் தமிழில் காட்டுமாமே, அதைச் செய்யச் சொன்னேன். போன் ஏதேதோ உளறியது. ஆனால் ஐந்து நாள் என்பதை மட்டும் சரியாகச் சொன்னது.

டவுன்காரர்களுக்கு இந்த இடத்தில் விளங்காது. மதினி, நீங்கள் கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள், அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று சொல்வோம். அன்றைய அளவுக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், வராவிட்டால் பேர் இல்லை. பேர் குறைந்தால் அந்த மாசச் சம்பளமே ஆட்டம் காணும். அதனால் செட்டில் ஒருத்திக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து அவள் பையில் போடுவோம். பிரசவம் ஆனவளுக்குப் போட்டிருக்கிறோம், புருஷன் செத்தவளுக்குப் போட்டிருக்கிறோம். அவள் மலைக்கே வராவிட்டாலும் ஒருத்தி அந்தப் பையைச் சுமந்துபோய் மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் நிறுப்பாள். கணக்கப்பிள்ளை ஐயா தராசைப் பார்ப்பார், பையைப் பார்ப்பார், ஆளை மட்டும் பார்க்க மாட்டார். வந்ததாக எழுதிவிடுவார். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்தது இல்லை, எங்களுக்கு அது சோறு பரிமாறுகிற மாதிரி.

நீங்கள் வார்டில் கிடந்த ஐந்து நாளும் உங்கள் பையைச் சுமந்தது யார்?

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐந்தாம் நாள் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு உங்களைப் பார்க்க வந்தேன். மூக்கில் டியூப் இருந்தது. ரொட்டியைக் கேட்கவில்லை, மகளைக் கேட்கவில்லை, என் கையைப் பிடித்து ஒன்றுதான் கேட்டீர்கள்.

"என் பேரு விழுந்துச்சா?"

"ஒரு நாள் தவறல மதினி. அஞ்சு நாளும் முழுப் பேரு," என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா.

நீங்கள் சிரித்தீர்கள். "நான் இல்லாமயே நான் நல்லா வேல செய்றேன் போல" என்றீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் இரண்டு வருஷமாக நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். கடைசிக் காலத்தில் மதினிக்கு ஒரு நல்லது செய்தேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

நானா கடை வாசலில் குடையை விரித்தேன் மதினி. மேகலா என்னைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவைக் கொன்றது அத்தை என்று நினைத்தாளோ? கேட்க எனக்குத் தைரியம் இல்லை. லயத்துக்கு ஏறும் படியில் அவளாகவே என் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாள் விடிந்ததும் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் போனேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசுகிறேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை. "ஐயா, மதினி விசயத்த நீங்க மேல சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

அவர் குடையை மடக்கினார். "சொல்லிருந்தா மொதல்ல போறது என் வேலதான சரோஜா. நீ பைய நிறுத்த, நான் எழுதுனேன். ரெண்டு பேருந்தான்," என்றார். அவருக்கு அப்போதே தெரியும் போல. தெரிந்தும் என் கோபத்தைச் சும்மா வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஆனால் மதினி, இதைக் கேட்டுவிட்டு நான் காப்புறுதிக்காரரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஐந்து நாள் இரண்டு இடத்தில் ஒரு பொம்பளை இருந்திருக்கிறாள் என்றால், ஏன் என்று ஒரு ஆள் மலையேறி வந்து தமிழில் கேட்டிருக்கக் கூடாதா? கூப்பிடு தூரத்தில்தானே தோட்ட ஆபீஸ் இருக்கிறது. கொழுந்து பறிக்கிறவளுக்கு இங்கிலீஷில் கேள்வி அனுப்பி, பதில் வராததால் பொய் என்று எழுதியவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். பதில் வரக் கூடாது என்றுதான் அந்தப் பாஷையில் அனுப்பினார்களோ? எனக்கு அந்தச் சந்தேகம் சாகும் வரைக்கும் போகாது.

இப்போது பாக்கியம். புதன்கிழமையே அவளுக்கு மூச்சு முட்டி வார்டில் சேர்த்துவிட்டார்கள். வியாழக்கிழமை காலை மலையில் நிற்கிறேன், வழக்கம் போல ஒரு பை வந்தது. பாக்கியத்தின் பை. முதல் பிடி கொழுந்தை யாரோ போட்டுவிட்டார்கள். அடுத்து நான் போட வேண்டும். அன்றைக்குச் சுமக்கும் முறையும் எனக்குத்தான்.

நான் போடவில்லை. வேண்டாம் என்றேன், காரணத்தையும் சொன்னேன். தங்கம் மதினிக்கு வந்த கடிதத்தைச் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. இதெல்லாம் அந்த நானாவும் காப்புறுதிக்காரனும் சேர்ந்து சொல்கிற கதை என்றாள் ஒருத்தி. நானே பழக்கி வைத்த சந்தேகம் என் மேலேயே திரும்பியது. பாக்கியத்தின் பை நிறைந்துகொண்டுதான் வந்தது.

மடுவத்தில் தராசுக்கு முன்னால் அந்தப் பையை என் காலடியில் வைத்தார்கள். கணக்கப்பிள்ளை ஐயா புத்தகத்தைத் திறந்து, பாக்கியம் என்று வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"வரலங்கய்யா," என்றேன். "ஆஸ்பத்திரில இருக்கா. அப்படியே எழுதுங்க."

அவர் பாக்கியத்தின் பேருக்கு நேரே விரலை வைத்தார். பிறகு எழுதினார். அந்தக் கொழுந்தை எல்லோர் பைக்கும் பிரித்துப் போடச் சொன்னார். இறங்கும் வழியில் என்னோடு ஒருத்தியும் பேசவில்லை. பாக்கியத்தின் மாமியார் வாசலில் நின்று, "ஒன் கண்ணுக்கு அவ சம்பளந்தான் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. நான் செய்தது சரிதானா என்று அந்த நேரம் உங்களைத்தான் கேட்டேன்.

பிடி கொழுந்து போடாவிட்டால் அவள் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அதனால் அன்று அந்தியில் நான் என் வீட்டிலிருந்து அரிசி கொண்டு போனேன். இனிமேல் கொழுந்துக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு பிடி அரிசி போடலாம், அதை எந்தப் புத்தகத்திலும் எழுத வேண்டியதில்லை என்று எல்லா வாசலிலும் சொன்னேன். பதினோரு பேரில் நான்கு பேர் கொடுத்தார்கள். கணக்கப்பிள்ளை ஐயா வீட்டிலிருந்து ஒரு கொத்து அளவு அரிசி வந்தது. மாமியார் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை அந்தச் சிரித்த முகக்காரர் வந்தார். பிஸ்கட்டை வாங்கி மேசையிலேயே வைத்துவிட்டேன். மேகலா நானாவிடம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். மூன்று பக்கத்தையும் வரி வரியாக, எல்லோருக்கும் கேட்கத் தமிழில் சொன்னாள். அவர் இரண்டு தரம் மணியைப் பார்த்தார். அவளுக்கு விளங்காத இடத்தில் நானாவுக்குப் போன் போட்டாள். படிவத்தையும் பாக்கியத்தின் ஆஸ்பத்திரித் துண்டையும் போனில் படம் எடுத்தாள். இனி கடிதம் வந்தால் தமிழிலும் வர வேண்டும் என்று படிவத்தின் ஓரத்தில் எழுதி, அவரையும் அதில் கையெழுத்துப் போட வைத்தாள். உங்கள் பிள்ளை மதினி. என்னைவிடப் பெரிய சந்தேகக்காரியாக வருவாள் என்று பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன்.

அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன். தாத்தா நினைவு வந்தது. போட்டேன். எனக்குப் பின்னால் ஏழு பேர் போட்டார்கள், மற்றவர்கள் அடுத்த கிழமை போடுகிறோம் என்றார்கள். பாக்கியத்தின் மாமியார் கையில் கொண்டு வந்திருந்த மருமகளின் கொழுந்துப் பையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கடைசியில் பாக்கியத்தின் படிவத்தில் சாட்சிக்குப் பெருவிரல் வைத்தார்.

பணம் வருமா? தெரியாது. வேறு ஏதாவது ஓட்டை கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஓட்டை இந்தத் தரம் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வார்டுக்குப் போனேன். அதே நீளமான வார்டு, நீங்கள் இருந்த கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளி பாக்கியம். ரொட்டியை எடுத்து வைத்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்தாள். என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது மதினி, ஓடிவிடலாம் போல இருந்தது.

"அக்கா, என் பேரு விழுந்துச்சா?"

"விழல," என்றேன். "நீ இங்க இருக்கேன்னு எழுதியிருக்கு."

அவள் முகம் சுருங்கிப் போனது. கையை எடுத்துக்கொண்டாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பார்வை நேரம் முடிந்து மிஸ் வந்து எழுப்பும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மதினி, இனி நம் வீட்டுக்கு வருகிற எந்தத் தாளும் வாசிக்கப்படாமல் முருகனுக்குப் பின்னால் போகாது. நம் செட்டில் எவளாவது நோயில் விழுந்தால் அவள் நோயில் விழுந்தாள் என்றே எழுத வைப்பேன், அவள் என்னைத் திட்டினாலும் சரி. இது உங்கள் மேல் சத்தியம்.

அந்த ஐந்து நாளும் உங்கள் பையை மடுவத்துக்குச் சுமந்த,
உங்கள் நாத்தனார்
சரோஜா